நான்கு ஒழுகல்களும் ஒரு குடமும்

மின்விளையாட்டுகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை அண்மையில் படித்தேன். சிறந்தவை எனத் தாம் கருதியவற்றை அதன் ஆசிரியர் தகுதி முறைப்படி வரிசைப்படுத்தியிருந்தார். அவ்வரிசையின் இறுதிவரை விரல் வைத்துத் தேடினேன். எனக்கு வேண்டியவற்றுள் ஒன்றேனும் அங்கே இடம்பெறவில்லை. ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன், எதிர்பார்த்ததுதான். இலக்கணமும் பழைய உரைகளும் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. பலர் படித்த நூலைவிட எவரும் பிரித்துப் பாராத நூலின்மேல் எனக்கு எப்போதும் பரிவு மிகுதி. அந்தப் பரிவு விளையாட்டுகளிலும் தொடர்ந்தது, அவ்வளவே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டிலும் சில வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகள் வந்து சேர்ந்தன. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக மேலட்டை முழங்கும். உள்ளே இருப்பவை ஏழோ எட்டோதான். அவையே வெவ்வேறு பெயர் பூண்டு திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் எல்லாரும் சுடுவதையும் தாவுவதையும் தேர்ந்தெடுப்பார்கள். பட்டியலின் அடியில் மகிழுந்து ஓட்டும் விளையாட்டு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. அதில் சிறிது தொலைவு சென்றதும் மூடுபனி இறங்கி முன்செல்லும் வண்டிகளை மறைத்துவிடும். அது அநியாயம் என்று பிள்ளைகள் அதை வெறுத்தார்கள். மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டும் ஒருவரை ஒருநாள் அதன்முன் உட்காரவைத்தோம். பனி இறங்கியதும் அவர் வேகத்தைக் குறைத்து, முகப்பு விளக்கைப் போடுவதற்கும் வண்டியை ஓரங்கட்டுவதற்கும் பொத்தான் எது என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். அந்த விளையாட்டின் அருமையை அறிந்த ஒரே மனிதரை அன்று கண்டேன்.

ஆயினும் இங்கே நான் எழுத வந்தது அதனினும் மூத்த, அதனினும் எளிய ஒன்றைப் பற்றி.

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் என் மனைவியும் ஏற்காட்டில் ஒரே பள்ளியில் பணியாற்றினோம். நான் தமிழ், அவள் கணக்கு. காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஓட்டுவீடொன்றில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஐப்பசி மழையில் வாசற்படியின் பாசியில் கால் வழுக்கி அவள் விழுந்தாள். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரங்களுக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். வகுப்பறையில்கூட நாற்காலியில் அமர்ந்தறியாதவள் அவள். மூன்றாம் நாளே சன்னலுக்கு வெளியே நிற்கும் சில்வர் ஓக் மரங்களை எண்ணி முடித்துவிட்டு, மிளகுக்கொடி படர்ந்தவை எத்தனை, படராதவை எத்தனை என்று பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த வீட்டில் அத்தோட்டத்தின் ரைட்டர் இருந்தார். கூலிக் கணக்கும் கிடங்குச் சாவியும் அவர் பொறுப்பு. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடற்குழுவை நடத்துவதும் அவரே. அவருடைய தம்பி சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். முந்தைய விடுமுறைக்கு வந்த தம்பி மகள், உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றை இங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தாள். ரைட்டர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார்.

“சும்மா உக்காந்திருந்தா டீச்சரம்மாவுக்குக் கை பரபரங்குமுங்க. எங்க தம்பி மவ வெளையாடறது. அவளுக்கே புடிக்காம உட்டுட்டுப் போயிட்டா. பொழுது போகுதான்னு பாருங்க.”

தீப்பெட்டிகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அதன் திரை. வண்ணம் இல்லை. சாம்பல் நிறக் கண்ணாடியில் கறுப்புக் கோட்டுருவங்கள். ஒரு வீடு, அதன் கூரையில் நான்கு ஓட்டைகள், கீழே குடம் ஏந்திய ஒரு பெண். ஓட்டைகளிலிருந்து துளிகள் படிப்படியாக இறங்கும். இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். அவளை அங்குமிங்கும் நகர்த்தி ஒவ்வொரு துளியையும் குடத்தில் ஏந்தவேண்டும். ஏந்திய துளி ஒன்றுக்கு ஒரு புள்ளி. மூன்று துளிகள் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. சுடுவதில்லை, தாவுவதில்லை, காப்பாற்றப்பட வேண்டிய இளவரசியும் இல்லை.

என் மனைவி சிறிது நேரம் அதை உற்றுப் பார்த்தாள். எங்கள் தலைக்குமேல் ஓட்டுக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு பித்தளைப் பாத்திரம் அதை வாங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, நம்மூட்டுல ஒழுகறது பத்தாதுன்னு இதுல வேறயா?” என்றாள்.

அன்று பிற்பகலே அவள் அறுபதைக் கடந்தாள். அடுத்த வாரத்தில் இருநூற்றைத் தொட்டபோது விந்தையான ஒன்று நிகழ்ந்தது. அதுவரை தவறவிட்ட இரண்டு துளிகளின் அடையாளங்களும் சட்டென்று மறைந்தன. ஐந்நூற்றிலும் அவ்வாறே நிகழும் என்பதைப் பின்னர் அறிந்தோம். இருநூற்றுக்கும் ஐந்நூற்றுக்கும் பழைய பிழைகள் மன்னிக்கப்படும் என்ற அந்த விதியை வகுத்தவர் யாரோ, நான் அறியேன். நல்ல மனம் படைத்தவராகத்தான் இருக்கவேண்டும். தங்கள் சபையில் அதற்கு ஞாயிறுவரை காத்திருக்க வேண்டுமே என்று ரைட்டர் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிறு கருவிக்குள் அவள் கண்ட நுட்பங்களை நான் உடனிருந்து பார்த்தேன். துளிகள் விழும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. நான்காம் ஓட்டை இருமுறை சொட்டினால் முதல் ஓட்டை உடனே சொட்டாது. குளிர் மிகுந்தால் திரையிலுள்ள உருவங்கள் மெல்ல நகர்ந்து, பழைய துளியின் நிழல் மறையுமுன்னே புதிய துளி தோன்றிக் குழப்பும். எனவே ஆடுமுன் கருவியைக் கம்பளிக்குள் கைகளுக்கிடையே வைத்துச் சூடேற்றுவாள். நண்பகலில் ஆடினால் புள்ளி மிகும், அந்தியில் குறையும். மின்விளையாட்டொன்றைப் பனிக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஆடவேண்டியிருந்தது எங்கள் மலையில் மட்டுமாகத்தான் இருக்கும். நான் அதன் உறுப்புகளை ‘மின்கலம்’ என்றும் ‘படிகத்திரை’ என்றும் குறிப்பிடும்போதெல்லாம், பேட்டரி என்று சொன்னால் அது ஓடாதா என்று கேட்பாள்.

ஒருநாள் எழுநூற்றுக்குமேல் எடுத்தபின் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் எண் தோன்றும் கட்டங்களை எண்ணினாள்.

“இதுல மூணு எலக்கத்துக்குத்தான் எடம் இருக்குது. தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தொம்போதுக்கு அப்புறம் இது என்ன பண்ணுமுங்க?”

எனக்குத் தெரியவில்லை. ரைட்டருக்கும் தெரியவில்லை. கருவியோடு வந்த தாள் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. கணக்கு கற்பிப்பவளுக்கு விடை தெரியாத எண் ஒன்று எதிரே வந்து நின்றுவிட்டது. அன்றுமுதல் அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்: ஆயிரமாவது துளியை ஏந்தும்போது என்ன நிகழ்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு ஓர் எல்லையும் வகுக்கப்பட்டது. தம்பி குடும்பத்தார் கிறித்துமசுக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். தன் கருவி பத்திரமாக இருக்கிறதா, வந்ததும் எடுத்துக்கொள்வேன் என்று மகளும் அதன் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாளாம். ரைட்டர் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிள்ளையின் பொருளைப் பிள்ளையிடம் கொடுப்பதுதானே முறை என்றாள் என் மனைவி. அவர் சென்றபின் நாட்காட்டியை எடுத்துத் தரச்சொல்லி விரல்விட்டு எண்ணினாள். மாவுக்கட்டை அவிழ்ப்பதும் அந்த வாரத்தில்தான். அதை அவள் எண்ணியதாகத் தெரியவில்லை.

மார்கழி பிறப்பதற்குள் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. பிறந்தபின் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. அதிலே நின்றது. கருவியில் இன்னொரு பொத்தானை அழுத்தினால், எடுத்தவற்றுள் மிக உயர்ந்த புள்ளி தோன்றும். மின்கலம் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த நினைவு. அதைக் கழற்றினால் எல்லாம் அழியும். ஆகவே எவரும் கருவியைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

அப்போதுதான் நான்கு நாள் இடைவிடாத மூடுபனி. எங்கள் ஊரில் பனி வெளியே நிற்பதில்லை. சன்னல் வழியாக உள்ளே வந்து, உரிமையோடு அலமாரியைத் திறந்து, துணிகளையும் நூல்களையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். இம்முறை கருவிக்குள்ளும் புகுந்துவிட்டது. கண்ணாடியின் உட்புறம் வெண்மையாகப் படிந்து, மூன்றாம் ஓட்டையும் நான்காம் ஓட்டையும் கண்ணுக்குப் புலப்படாமற் போயின. பார்வைக்கு எட்டாத துளிகளைக் கணித்தே ஏந்த முயன்றாள், நூற்றிருபதுக்குமேல் ஏறவில்லை. கிறித்துமசுக்கு நான்கு நாட்களே இருந்தன.

மறுநாள் பனி விலகி வெயில் பளீரென்று அடித்தது. பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை. மருந்தின் மயக்கத்தில் அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். நான் கருவியை எடுத்துக்கொண்டு காப்பிக் களத்துக்குப் போனேன்.

இதை விளக்க வேண்டும். பறித்துத் தோல் நீக்கிய காப்பிக் கொட்டையைப் பரப்பிக் காயவைக்கும் சிமெண்டுத் தரைதான் களம். தோட்டத்தைச் சார்ந்து வாழும் எவர்வீட்டிலும் எது நனைந்தாலும், அறுவடைக் காலத்தில் அது களத்தின் ஓரத்துக்குத்தான் வரும். கம்பளி, காலணி, தேவாலயத்துப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அங்கே காய்ந்திருக்கின்றன. நானே விடைத்தாள்களையும் என் பேரகராதியின் இரு தொகுதிகளையும் அங்கே விரித்துக் காயவைத்தவன். களத்துக்குப் போன பொருள் கெட்டுத் திரும்பியதாக நான் அறிந்ததில்லை. கருவியையும் அங்கே கொண்டுபோகலாமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

களத்தில் தலைச்சோலை ஊரைச் சேர்ந்த ஓர் அம்மாள் மரப்பலகையால் கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு தகரத் தகடு கிடந்தது. விரைவில் காயட்டும் என்று கருவியை அதன்மேல் வைத்தேன்.

“அங்க வெக்காதீங்க வாத்தியாருங்க. தகரம் கொதிச்சுக் கெடக்குது.”

என் அகராதி இங்கேதான் காய்ந்தது என்றேன்.

“பொஸ்தகம் வேறங்க, இது வேறங்க,” என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்தார்.

ரைட்டர் அங்கு வந்தார். பாடற்குழுவுக்கென எழுதிய வரவேற்புரையைக் காட்டி, பிழை பார்த்துத் தரும்படி கேட்டார். ஒற்றுப்பிழைகளைத் திருத்துவதில் ஒரு மணிநேரத்துக்குமேல் ஓடிவிட்டது. அந்த இன்பத்தில் நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன் என்பது இல்லத்தில் நெடுநாள் குற்றச்சாட்டு. திரும்பிவந்து கருவியை எடுத்தால் விரல் சுட்டது. திரை முழுவதும் கறுப்பு. வீடு இல்லை, கூரை இல்லை, குடம் இல்லை, எண் இல்லை. பள்ளிக் கரும்பலகையைச் சிறிதாக வெட்டிப் பதித்தாற்போல இருந்தது. பொத்தான்களை மாறிமாறி அழுத்தினேன். கறுப்புதான்.

அந்த அம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“நொம்ப வறுத்துப்போட்டீங்க. இனி அரைச்சுக் குடிக்க வேண்டியதுதானுங்க.”

ரைட்டர் சிரிக்கவில்லை. தம்பி மகளுக்குத் தாம் பதில் சொல்லிக்கொள்வதாகவும், அவள் வேண்டாமென்று போட்டுப் போனதுதானே என்றும் ஆறுதல் கூறினார். எனக்கு அந்தச் சிறுமியின் நினைவு அப்போது வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேலம் சென்று வேறொரு கருவி தேடினாலும் அந்த நாற்பத்தொன்று அதில் இருக்காது. மூன்று நாட்களுக்குள் எவராலும் மீண்டும் அங்கே ஏறவும் இயலாது. ஒரு பெண் ஆறு வாரம் அசையாது அமர்ந்து கேட்ட ஒரே கேள்வியை நான் தகரத்தின்மேல் வைத்து எரித்துவிட்டேன் என்றே எண்ணினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் விழித்திருந்தாள். தலையணைக்கு அடியில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். ஈரம் போக்கும் பொருட்டு வெயிலில் வைக்கப்பெற்ற கருவி, வெப்ப மிகுதியால் ஒருவகை மாற்றத்துக்கு உள்ளாகியிருக்கிறது என்று தொடங்கினேன். அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். கறுத்த திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்ற காலு ஒடஞ்சப்பக்கூட இப்பிடி மூஞ்சி வெக்கலீங்களே நீங்க,” என்றாள்.

அவள் சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சினக்கவில்லை. கருவியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, களத்தில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டாள். தலைச்சோலை அம்மாள் சொன்னதைச் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சன்னல் பக்கம் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாலை நான்கு மணியளவில் வழக்கம்போல் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறியது. சன்னலைச் சாத்துவதற்காக எழுந்தேன். திரையின் ஒரு மூலையில் கறுப்பு சற்றே வெளிறியிருந்தது. ஏரியில் நீர் வற்றும்போது கரையோரம் முதலில் தெரிவதுபோல் கூரையின் நுனி தெரிந்தது. நான் சன்னலைச் சாத்தவில்லை. குளிர்ந்த காற்றை முழுவதுமாக உள்ளே விட்டேன். ஓர் ஓட்டை, இரண்டாம் ஓட்டை, குடம், குடம் ஏந்தியவள். இறுதியாக எண்.

கருவியை அவள் மடியில் வைத்தேன். அவள் முதலில் அழுத்தியது உயர்ந்த புள்ளியைக் காட்டும் பொத்தானை. தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று அசையாமல் இருந்தது. அதைவிட வியப்பு, கண்ணாடிக்குள் படிந்திருந்த வெண்மை அறவே போயிருந்தது. வெப்பத்தில் கறுத்த திரை குளிர்ந்ததும் தெளியும் என்பது அதன் இயல்பே என்று பிற்காலத்தில் ஓர் இயற்பியல் ஆசிரியர் எனக்கு விளக்கினார். அன்று அது தெரியாது. நான் செய்த தவறுதான் ஈரத்தைப் போக்கியது என்று மெல்லச் சுட்டிக்காட்டிப் பார்த்தேன். அதற்கு அவள் தந்த பார்வையை மதித்து அக்கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மறுநாள் நண்பகல். கருவி என்னவாயிற்று என்று கேட்க வந்த ரைட்டர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார், ஏனெனில் ஆட்டம் அப்போது எண்ணூற்றைக் கடந்திருந்தது. அவளுடைய கட்டைவிரல்கள் மட்டும் அசைந்தன. தொள்ளாயிரத்து அறுபதுக்குள் இரண்டு துளிகள் விழுந்துவிட்டன. இனி ஒன்று விழுந்தால் முடிந்தது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றொன்பது. நான்காம் ஓட்டையிலிருந்து ஆயிரமாவது துளி இறங்கிக் குடத்தில் விழுந்தது.

எண்ணின் இடத்தில் மூன்று சுழியங்கள் தோன்றின. தவறிய துளிகளின் அடையாளங்கள் மறைந்தன. வேகம் அடங்கி, முதல் ஓட்டையிலிருந்து ஒரே ஒரு துளி, தொடக்க நாளில் விழுந்ததைப்போல், நிதானமாக இறங்கியது.

“அவ்வளவுதானுங்களா? ஒரு மணிகூட அடிக்காதுங்களா?” என்றார் ரைட்டர்.

அவள் அந்தத் துளியை ஏந்தினாள். அடுத்ததையும் ஏந்தினாள்.

“எனக்கு இதே போதுமுங்க. ஆயிரத்தோட மழை நின்னுபோயிருமோன்னுதான் பயந்துட்டிருந்தேன்,” என்றாள்.

அன்று அவள் மாலைவரை ஆடினாள். புள்ளி எத்தனை என்று பார்க்கவில்லை.

கிறித்துமசுக்கு முந்தின நாள் சிறுமி வந்தாள். பதின்மூன்று வயதிருக்கும். கருவியை வாங்கியதும் பழக்கத்தால் உயர்ந்த புள்ளியை அழுத்திப் பார்த்தாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள்; அவளே எண்பதைக் கடந்ததில்லையாம். பெரியப்பா நடந்ததைச் சொன்னதும், கட்டு அவிழ்த்த காலோடு அமர்ந்திருந்த கணக்கு ஆசிரியையை அவள் பார்த்த பார்வை, எங்கள் பள்ளியில் எந்த மாணவரும் அவளைப் பார்த்திராத பார்வை. என் மனைவி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: பேட்டரி தானாகத் தீரும்வரை மாற்றாதே.

ஆனி மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து ரைட்டருக்கு வந்த கடிதத்துக்குள் எங்களுக்கென ஒரு துண்டுத்தாள் இருந்தது. மின்கலம் தீர்ந்தது, பழைய எண் போய்விட்டது, மன்னிக்கவும் என்று அந்தச் சிறுமி எழுதியிருந்தாள். புதியது போட்டுத் தான் ஆடத் தொடங்கியிருப்பதாகவும், தன் தோழியர் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை என்றும், இதுவரை தன் உயர்ந்த புள்ளி இருநூற்றுப் பன்னிரண்டு என்றும் தெரிவித்திருந்தாள்.

என் மனைவி அதை இருமுறை படித்தாள். தலைக்குமேல் பருவமழையின் முதல் சொட்டு விழத் தொடங்கியிருந்தது.

“எரநூறு தாண்டி மன்னிப்பு வரைக்கும் வந்துட்டாளுங்க. இனி அவ உடமாட்டா,” என்று சொல்லிவிட்டுப் பித்தளைப் பாத்திரத்தைக் கால்மாட்டுக்கு நகர்த்தினாள்.